உரிமம் வேறு, வரி வேறு: வண்டியை எண்ணிய நகரம் கற்ற பாடம்

லிட்டில் இந்தியாவில் உள்ள பழைய சாப்பாட்டுக் கடை ஒன்றுக்குள் நுழைபவர்கள், கல்லாவுக்குப் பின்னால் இருக்கும் சுவரைச் சற்றே கவனிக்கலாம். பிள்ளையார் படம் இருக்கும், லட்சுமி படம் இருக்கும், கடையைத் தொடங்கிய பெரியவரின் படம் மாலையோடு இருக்கும். அவற்றுக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு காகிதமும் இருக்கும். அதுதான் லைசன்ஸ், அதாவது உரிமம். சாமி படத்துக்குக் கிடைக்கும் மரியாதையில் பாதியாவது அந்தக் காகிதத்துக்கும் உண்டு. அது இல்லாவிட்டால் கடையில் அடுப்பு எரியாது.

அந்தக் காகிதத்துக்காகக் கட்டும் பணம் வரியா, கட்டணமா? “எதுவாக இருந்தால் என்ன, போவது கையில் இருக்கும் காசுதானே” என்று வியாபாரிகள் கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். ஆனால் சிங்கப்பூரின் ஏறத்தாழ இருநூறு ஆண்டு வரலாற்றில் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டது ஒரு பெரிய மாற்றம். அந்த மாற்றத்தால் அதிகம் பயன் பெற்றவர்கள் சின்னக் கடைக்காரர்கள் என்பது பலருக்குத் தெரியாது.

ஏலம் போன வரி

1819ஆம் ஆண்டு ஸ்டாம்ஃபோர்ட் ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் வணிக நிலையம் அமைத்தபோது, இது சுங்கவரி இல்லாத துறைமுகம் என்றார். தமிழர்களுக்கு இந்தக் கொள்கை புதிதல்ல. முதலாம் குலோத்துங்க சோழனுக்குச் “சுங்கம் தவிர்த்த சோழன்” என்றே பெயர். சுங்கம் இல்லை என்றதும் கப்பல்கள் வந்தன, வணிகர்கள் வந்தார்கள். ராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை இங்கே செங்கல் சூளை வைத்தார், துணி வியாபாரமும் செய்தார். சிங்கப்பூர்த் தமிழரின் தொழில் வரலாறு அந்தச் செங்கல்லில் தொடங்குகிறது.

ஆனால் சுங்கம் இல்லாமல் ஒரு நிர்வாகம் எப்படி நடக்கும்? காவலருக்குச் சம்பளம் வேண்டும், பாதை போட வேண்டும். அன்று பொறுப்பில் இருந்த வில்லியம் ஃபார்குவார் 1820ல் ஒரு வழி கண்டார். அபின் விற்கும் உரிமை, சாராயம் விற்கும் உரிமை, சூதாட்டக் கூடம் நடத்தும் உரிமை ஆகியவற்றை அவர் குத்தகைக்கு விட்டார். யார் அதிகத் தொகை தர முன்வந்தாரோ அவருக்கே உரிமம். அடகுக் கடை போன்ற தொழில்களும் பிறகு உரிமத்தின் கீழ் வந்தன.

இந்த ஏற்பாட்டில் அரசாங்கத்துக்குத் தலைவலி இல்லை. யார் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்று விசாரிக்க வேண்டியதில்லை, கணக்கு எழுத ஆள் வேண்டியதில்லை. குத்தகைதாரர் பணத்தைக் கட்டிவிடுவார். அந்தப் பணத்தை அவர் யாரிடமிருந்து எடுத்தார் என்பதுதான் கேள்வி. நாள் முழுவதும் மூட்டை தூக்கிவிட்டு இரவில் அபின் புகைத்த கூலித் தொழிலாளியிடமிருந்து எடுத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பல ஆண்டுகளில் அரசாங்க வருமானத்தில் ஏறத்தாழ பாதி அபினிலிருந்தே வந்தது. பெரிய வணிகர்களின் லாபத்துக்கு நேரடி வரி கிடையாது. இருப்பவர் தப்பினார், இல்லாதவர் கட்டினார்.

சூதாட்டக் குத்தகை 1829ல் நீக்கப்பட்டது. அபின் குத்தகையோ 1909ஆம் ஆண்டின் இறுதிவரை நீடித்தது. 1910லிருந்து அபின் விற்பனையை அரசாங்கமே எடுத்துக்கொண்டது. ஆக, சிங்கப்பூரில் உரிமம் என்பது தொடக்கத்திலேயே வரி வாங்கும் கருவியாகத்தான் பிறந்தது.

எண்ணுவதற்கு எளிதானவை

நகரம் வளர்ந்தபோது பாதைகள், விளக்குகள், சாக்கடைகள், குடிநீர் என்று செலவுகளும் வளர்ந்தன. இவற்றைக் கவனித்த முனிசிபல் நிர்வாகத்துக்கு முக்கியமாக இரண்டு வருமான வழிகள் இருந்தன. ஒன்று, வீடு, கடை ஆகியவற்றின் வாடகை மதிப்பைக் கொண்டு போடப்பட்ட வரி. மற்றொன்று, வண்டி, குதிரை போன்றவற்றுக்கு வாங்கிய வரியும் உரிமக் கட்டணங்களும்.

ஏன் வண்டி? வண்டியை ஒளித்துவைக்க முடியாது. வியாபாரி தன் கணக்கேட்டைப் பெட்டிக்குள் பூட்டிவைக்கலாம். மாட்டையும் வண்டியையும் எந்தப் பெட்டிக்குள் பூட்டுவது? அதிகாரி தெருவில் நின்று எண்ணினால் போதும்.

சிராங்கூன் சாலை வட்டாரம் அன்று மாடுகளின் உலகமாக இருந்தது. தேக்காவுக்கு மலாயில் கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைத் தொழுவம் என்று பெயர். பஃபலோ ரோடு இன்றும் அந்தக் காலத்தை நினைவூட்டுகிறது. கல்கத்தாவிலிருந்து வந்த யூத மாட்டு வியாபாரியின் பெயரைத் தாங்கி நிற்கிறது பெலிலியோஸ் ரோடு. வண்டி ஓட்டியவர்கள், பால் கறந்தவர்கள், மாடு மேய்த்தவர்கள் என்று தமிழர் பலருக்கு அங்கேதான் பிழைப்பு.

காலம் அப்படியே நிற்கவில்லை. 1880ல் ரிக்‌ஷா வந்தது. அது பெருகியதால் 1892ல் ரிக்‌ஷாக்களைப் பதிவு செய்வதற்கென்றே தனி அலுவலகம் அமைக்க வேண்டியிருந்தது. 1896ல் முதல் மோட்டார் கார் வந்தது, 1905ல் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. 1930களில் சிராங்கூன் சாலையை விட்டு மாடுகள் வெளியேறின. 1947ல் ரிக்‌ஷாவுக்கும் தடை வந்தது. மாட்டு வண்டியையும் குதிரை வண்டியையும் எண்ணிப் பழகியவர்கள் ஒவ்வொரு முறையும் புதிதாக எண்ணக் கற்க வேண்டியிருந்தது. கண்ணில் தெரியும் பொருளைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வரிக்கு உள்ள குறை இதுதான். பொருள் மாறியதும் வரி பழையதாகிவிடுகிறது.

கடைக்காரர்களுக்குப் புரியும்படி சொல்லாமல் விதியை மாற்றினால் என்ன ஆகும் என்பதையும் அந்தக் காலம் காட்டியது. 1888ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், கடைகளுக்கு முன்னால் உள்ள ஐந்தடிப் பாதையில் அடுக்கிய சரக்குகளை அகற்ற முனிசிபல் நிர்வாகம் முனைந்தது. கடைகள் அடைக்கப்பட்டன, தெருவில் கல் பறந்தது. மூன்று நாள் நகரம் தவித்தது. வரலாற்றில் அது “வராந்தா கலவரம்” எனப்படுகிறது. மக்கள் நடக்க வழி வேண்டும் என்ற நோக்கம் சரியானதுதான். ஆனால் நெடுங்கால வழக்கத்தைத் திடீரென்று மாற்றப் போனதுதான் வினையாக முடிந்தது.

ஆளுநரின் தனி அதிகாரம்

வண்டியை எண்ணாமல் வருமானத்தையே அளக்கலாமே? இந்த யோசனை பலமுறை வந்தது, பலமுறை திரும்பிப் போனது. அபின் வருமானம் குறையும் என்ற அச்சத்தில் 1910ஐ ஒட்டி வருமான வரி பற்றிப் பேசப்பட்டது. வணிகர்களின் எதிர்ப்பால் அது நடக்கவில்லை. முதல் உலகப் போரின்போது 1917ல் போர் வரி என்ற பெயரில் வந்தது. போர் முடிந்து சில ஆண்டுகளில் கைவிடப்பட்டது.

ஜப்பானியர் ஆட்சி முடிந்தபின் நிலைமை வேறாக இருந்தது. பள்ளிகளும் மருத்துவமனைகளும் வேண்டும், மக்களுக்கு வீடு வேண்டும், கருவூலமோ காலி. 1947ல் வருமான வரிச் சட்டம் கொண்டுவரப்பட்டபோது வணிகச் சமூகம் கடுமையாக எதிர்த்தது. சுதந்திரத் துறைமுகத்தின் உயிர் போய்விடும் என்றார்கள். கடைசியில் ஆளுநர் ஃபிராங்ளின் கிம்சன் தமக்கு இருந்த தனி அதிகாரத்தைப் பயன்படுத்திச் சட்டத்தை நிறைவேற்றினார். 1948 ஜனவரி 1 முதல் வருமான வரி நடப்புக்கு வந்தது.

மக்கள் பிரதிநிதிகளின் ஒப்புதல் இல்லாமல் வந்த வரி என்ற குறை அதற்கு உண்டு. ஆனாலும் அதன் பலனை மறுக்க முடியாது. அதிகம் சம்பாதிப்பவர் அதிகம் கட்டுவார், குறைவாகச் சம்பாதிப்பவர் குறைவாகக் கட்டுவார், ஒன்றும் மிஞ்சாதவர் கட்ட வேண்டியதில்லை என்ற முறை வந்தது.

இன்னொரு மாற்றமும் சத்தமில்லாமல் நடந்தது. 1951ல் சிங்கப்பூர் மாநகரத் தகுதி பெற்றது. நகரத்தை நடத்திய மாநகராட்சி மன்றம் தனி, ஆட்சி நடத்திய அரசாங்கம் தனி என்று இருந்தது. 1959ல் தன்னாட்சி வந்தபின் மன்றத்தின் பணிகள் படிப்படியாக அரசாங்கத்தோடு இணைக்கப்பட்டு, 1963ல் அது முடிவுக்கு வந்தது. நகரமும் நாடும் ஒன்றாயின. அதன்பின் சாக்கடைச் செலவுக்காக நகரம் தனியாக உரிமக் கட்டணத்தை நம்ப வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று.

தெருவிலிருந்து நிலையத்துக்கு

அப்படியானால் உரிமம் எதற்கு? இதற்குப் பதில் சொன்னவர்கள் தெருவோர வியாபாரிகள். நடமாடும் வியாபாரிகளுக்கு உரிமம் வழங்கும் பழக்கம் 1919லேயே தொடங்கிவிட்டது. ஆனால் உரிமம் இல்லாதவர்களே மிகுந்திருந்தனர். வேலை இல்லாதவருக்கு ஒரு தட்டுச் சாமானும் ஒரு தெருமுனையும் இருந்தால் வயிறு நிறைந்தது. அதிகாரிகள் வந்தால் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். 1950ல் பேராசிரியர் சில்காக் தலைமையில் வெளிவந்த விசாரணைக் குழு அறிக்கை இந்தப் பிரச்சினையை ஆராய்ந்தது.

1968, 1969ஆம் ஆண்டுகளில் தீவு முழுவதும் பதிவு நடந்தது. 18,000க்கும் மேற்பட்டோர் பதிவு செய்யப்பட்டனர். 1971 முதல் 1986 வரை கட்டம் கட்டமாக, தண்ணீரும் மின்சாரமும் கழிவுநீர் வசதியும் கொண்ட உணவங்காடி நிலையங்களுக்கு அவர்கள் மாற்றப்பட்டனர். தேக்காவில் 1915ல் கட்டப்பட்ட பழைய சந்தை போய், 1982ல் புதிய நிலையம் வந்தது.

அந்தப் பதிவின் முதல் நோக்கம் பணம் திரட்டுவதல்ல. யார் சமைக்கிறார், எங்கே சமைக்கிறார், கை கழுவத் தண்ணீர் இருக்கிறதா என்று தெரிந்துகொள்வதுதான். வியாபாரிக்கும் அதில் ஆதாயம் உண்டு. சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியவருக்கு ஒரு முகவரி கிடைத்தது. 2020ல் யுனெஸ்கோ சிங்கப்பூரின் உணவங்காடிக் கலாசாரத்தை மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பெருமைக்கு அடித்தளம் இட்டதில் 1968ஆம் ஆண்டின் உரிமக் காகிதத்துக்கும் பங்கு உண்டு.

உறைந்துபோன எண்

சட்டத்தில் எழுதிய ஓர் எண்ணை நெடுங்காலம் தொடாமல் விட்டால் என்ன ஆகும்? லிட்டில் இந்தியாவின் பழைய கடைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். போருக்குப் பின், 1947ல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. பழைய கட்டடங்களின் வாடகை, போருக்கு முந்திய 1939ஆம் ஆண்டு அளவில் நிறுத்தப்பட்டது. குடியிருப்பவருக்குப் பாதுகாப்புத்தான். ஆனால் ஆண்டுகள் ஓட, கட்டடத்தைப் பழுதுபார்க்க உரிமையாளருக்கு மனம் வரவில்லை. லிட்டில் இந்தியா 1989ல் பாதுகாக்கப்படும் வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. 2001ல் வாடகைக் கட்டுப்பாடு முழுவதுமாக நீக்கப்பட்டது. அரை நூற்றாண்டு அசையாத எண் அசைந்தபோது, மாவு அரைக்கும் ஆலை, பூக்கடை போன்ற குறைந்த லாபத் தொழில்களால் சந்தை வாடகைக்கு ஈடுகொடுப்பது எளிதாக இல்லை.

இதில் தவறு கட்டுப்பாட்டில் மட்டும் இல்லை, நீக்கியதில் மட்டும் இல்லை. இடையில் ஐம்பது ஆண்டுகள் அந்த எண்ணை யாரும் சிறிது சிறிதாகச் சீர்செய்யாததில் இருக்கிறது.

முப்பது டாலரும் 1,250 ரூபாயும்

இந்தச் சிக்கல் சிங்கப்பூருக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் மவுண்டன் வியூ என்ற நகரம் இருக்கிறது. கூகல் நிறுவனத்தின் தலைமையகம் அங்கேதான். அந்த நகரத்தின் வணிக உரிம வரிச் சட்டம் 1954ல் எழுதப்பட்டது. அப்போது கூகல் இல்லை. பெரும்பாலான தொழில்கள் ஆண்டுக்குச் சுமார் 30 டாலர் கட்டினால் போதும் என்ற நிலை 60 ஆண்டுகளுக்குமேல் தொடர்ந்தது. ஆயிரக்கணக்கானோர் வேலை பார்க்கும் நிறுவனமும் சின்னஞ்சிறு கடையும் ஏறத்தாழ ஒரே வரிசையில் நின்றன. 2018 நவம்பரில் மக்கள் வாக்களித்து அதை மாற்றினர். ஊழியர் எண்ணிக்கை கூடக் கூட வரி கூடும் முறை வந்தது.

அங்கே உரிமக் கட்டணத்தையே வரியாக மாற்றியது ஏன்? கலிஃபோர்னியாவில் நகரங்கள் தனியாக வருமான வரி போட முடியாது. அவர்களின் பெட்டியில் இருந்த கருவிகளில் ஒன்று உரிம வரி. சிங்கப்பூரில் நகரமும் நாடும் ஒன்று என்பதால் இரண்டையும் பிரிக்க முடிந்தது.

தமிழ்நாட்டுக்கு வந்தால் கதை இன்னும் சுவையானது. அங்கே உள்ளாட்சி அமைப்புகள் தொழில் வரி வாங்குகின்றன. அதற்கு இந்திய அரசமைப்புச் சட்டமே உச்சவரம்பு வைத்திருக்கிறது. 1950ல் ஆண்டுக்கு 250 ரூபாய். 1988ல் திருத்தம் செய்து 2,500 ரூபாயாக உயர்த்தினார்கள். அதன்பின் அந்த எண் அசையவில்லை. சென்னை மாநகராட்சியில் அரையாண்டு வருமானம் 75,000 ரூபாயைத் தாண்டினால் அரையாண்டுக்கு 1,250 ரூபாய். கோடி கோடியாகச் சம்பாதிக்கும் நடிகருக்கும் அதே 1,250தான். 2024ல் மாநகராட்சி தொழில் வரியை 35 விழுக்காடு உயர்த்தியபோது, உயர்வு கீழ்ப்படிகளில் இருந்தவர்களுக்குத்தான் வந்தது. மேல்படியில் இருப்பவர்களுக்கு உயர்த்தச் சட்டத்தில் இடமில்லை. பழைய எண் யாரைக் காப்பாற்றுகிறது, யார் தலையில் விழுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டாம்.

35,000 வெள்ளி 300 ஆனது

மீண்டும் சிங்கப்பூருக்கு. 2000ஆம் ஆண்டு, தொழில்களுக்கு இடைஞ்சலாக உள்ள விதிகளைப் பற்றி வணிகர்களிடமே கருத்துக் கேட்க ஒரு குழு அமைக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் பல பழைய விதிகள் தூசி தட்டிப் பார்க்கப்பட்டன. கம்பெனி பதிவு செய்யும் கட்டணம், மூலதன அளவைப் பொறுத்து 1,200 வெள்ளியிலிருந்து 35,000 வெள்ளி வரை இருந்தது. அது 300 வெள்ளி என்று ஒரே அளவாக்கப்பட்டது. ஐந்து நாள் எடுத்த பதிவு, இணையம் வழியாக இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்தது. பல அலுவலகங்களில் தனித்தனியே வாங்க வேண்டியிருந்த உரிமங்களுக்கு 2004 முதல் இணையத்தில் ஒரே இடத்தில் விண்ணப்பிக்க வழி பிறந்தது.

இங்கே ஒரு கேள்வி எழலாம். பெரிய நிறுவனத்துக்கும் சின்ன நிறுவனத்துக்கும் ஒரே 300 வெள்ளி என்றால், அது மவுண்டன் வியூவின் 30 டாலர் போன்றதுதானே? இல்லை. மவுண்டன் வியூவில் அந்தப் பணம் வரி. இங்கே அது பதிவேட்டில் பெயர் எழுதும் வேலைக்கான கட்டணம். பெயர் எழுதும் வேலை எல்லாருக்கும் ஒன்றுதான். லாபத்துக்கு ஏற்பக் கட்ட வேண்டியது வருமான வரியில் இருக்கிறது. பொருள் சேவை வரிக்குப் பதிவு செய்யும் கட்டாயமும் ஆண்டு வியாபாரம் பத்து லட்சம் வெள்ளியைத் தாண்டினால்தான் வருகிறது. ஆகவே தேக்காவில் வடை சுடுபவர் அந்தக் கணக்கெழுதும் சுமையிலிருந்து விடுபடுகிறார்.

உரிமம் வருமானத்துக்காக அல்ல, ஒழுங்குக்காக என்பதை லிட்டில் இந்தியா அண்மைக் காலத்திலும் அனுபவித்தது. 2013 டிசம்பர் 8ஆம் தேதி நடந்த கலவரத்துக்குப் பின், 2015ல் மதுபானக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. லிட்டில் இந்தியா தனிக் கட்டுப்பாட்டு வட்டாரமானது. வார இறுதியில் மது விற்கும் நேரமும் பொது இடத்தில் குடிக்கும் நேரமும் குறைக்கப்பட்டன. அரசாங்கத்துக்கு அதில் வருமானம் கூடவில்லை. கடைக்காரர்களில் சிலருக்கு வியாபாரம் குறைந்தது. குடியிருப்பாளர்களில் பலருக்கு நிம்மதி கிடைத்தது. 1820ன் சாராயக் குத்தகையில், எவ்வளவு அதிகம் விற்றதோ அவ்வளவு நல்லது. 2015ன் மதுபான உரிமத்தில், எவ்வளவு ஒழுங்காக விற்றது என்பதே கேள்வி. உரிமம் என்ற சொல் ஒன்றுதான், அதன் பொருள் தலைகீழாக மாறிவிட்டது.

கேட்க வேண்டிய கேள்வி

கட்டணம், வாடகை, வரம்பு என்று சட்டத்தில் எழுதப்படும் எண்களுக்கு ஆயுள் உண்டு. பாலில் காலாவதித் தேதி அச்சிடுகிறார்கள். சட்டத்தில் உள்ள எண்ணுக்கு யாரும் அப்படி அச்சிடுவதில்லை. பழைய எண் கெட்டுப்போனால் பெரிய நிறுவனங்களுக்கு அதைச் சொல்லக் கணக்காளரும் வழக்கறிஞரும் இருக்கிறார்கள். சின்னக் கடைக்காரருக்கு இருப்பது அவருடைய வாய்தான்.

விதிகளை மாற்றுமுன் கருத்துக் கேட்கும் வழக்கம் இன்று இருக்கிறது. வராந்தா கலவரக் காலத்தில் அது இல்லை. அந்த வாய்ப்பு வரும்போது, “கடையைப் பார்க்கவே நேரமில்லை, இதற்கெல்லாம் எங்கே போவது” என்று விட்டுவிட்டால், கடைக்காரரின் கணக்கை வேறு யாராவது எழுதிவிடுவார்கள். இந்தப் பணம் வரியா, கட்டணமா? வரி என்றால் சம்பாத்தியத்துக்கு ஏற்ப இருக்கிறதா? கட்டணம் என்றால் செய்யும் வேலைக்கு ஏற்ப இருக்கிறதா? கடைசியாக எந்த ஆண்டில் இந்த எண் திருத்தப்பட்டது? இந்த நான்கு கேள்விகளையும் எந்த மொழியிலும் கேட்கலாம், தமிழிலும் கேட்கலாம்.

கல்லாவுக்குப் பின்னால் தொங்கும் அந்தக் கண்ணாடிச் சட்டத்தைத் துடைக்கும்போது, உள்ளே இருக்கும் காகிதத்தையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது படித்துப் பார்ப்பது நல்லது.